கடலே இடம் கொடுத்த கோயில்

கோயில் இல்லாத ஊரில் குடியிருத்தல் ஆகாது என்று நம் முன்னோர் சொல்லிச் சென்றனர். ஆனால், கோயில் எழுப்ப ஒரு சாண் நிலமும் தர மறுக்கும் ஊரில் வாழ நேர்ந்தால் என்ன செய்வது? கரும்புத் தோட்டத்தில் உழைத்த ஓர் ஏழைத் தொழிலாளி இந்தக் கேள்விக்குத் தம் இரு கைகளாலேயே விடை எழுதினார். நிலம் மறுக்கப்பட்டபோது அவர் கடலை நோக்கித் திரும்பினார். கல்லும் மணலும் சுமந்து சென்று, அலைகளுக்கு நடுவே ஒரு மேடை அமைத்து, அதன்மீது கோயில் கட்டினார்.

அந்தக் கோயில் நம் நாட்டில் இல்லை. பாதி உலகத்துக்கு அப்பால், கரீபியக் கடலின் தென்கோடியில் உள்ள டிரினிடாட் தீவில் இருக்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் வாழும் பிள்ளைகளைப் பார்க்கச் செல்லும் பெற்றோர் பலர், அங்கிருந்து கரீபியத் தீவுகளுக்குச் சுற்றுலா செல்வது இப்போது வழக்கமாகி வருகிறது. அவ்வாறு செல்வோர் டிரினிடாடின் தலைநகரான போர்ட் ஆஃப் ஸ்பெயினில் ஒரு நாள் தங்க நேர்ந்தால், அந்த ஒரு நாளையே தல யாத்திரையாக மாற்றிக்கொள்ளலாம்.

பெரிய பேருந்தில் கூட்டமாக அழைத்துச் செல்லும் சுற்றுலாக்கள் பெரும்பாலும் கடற்கரையையும் கடைத்தெருவையும் காட்டிவிட்டுத் திரும்பிவிடுகின்றன. குடும்பத்துக்கென ஒரு காரும், அதை ஓட்டியபடியே விளக்கம் சொல்லும் உள்ளூர் வழிகாட்டியும் அமைந்தால் நிலைமை வேறு. முதியவர்களின் நடைக்கு ஏற்ப நின்று நின்று செல்லலாம். கோயில் கண்ட இடத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லலாம். வழிகாட்டி இந்திய வம்சாவளியினராக இருந்துவிட்டால், "சீதா ராம்" என்ற வாழ்த்தோடுதான் பயணமே தொடங்கும். அத்தீவின் இந்துக்கள் ஒருவரையொருவர் வாழ்த்திக்கொள்ளும் முறை அதுதான்.

தலைநகரில் ஒரு காலைப் பொழுது

பயணம் வழக்கமாகக் குயின்ஸ் பார்க் சவானா என்னும் பெருந்திடலில் தொடங்குகிறது. சுமார் 260 ஏக்கர் பரப்புள்ள பசும்புல் வெளி அது. அதைச் சுற்றி வாகனங்கள் ஒரே திசையில் சென்றுகொண்டிருப்பதால், உலகிலேயே பெரிய போக்குவரத்து வட்டம் என்று உள்ளூர்க்காரர்கள் பெருமையோடு சொல்வார்கள். திடலின் ஓரத்தில் இளநீர் வண்டிகள் நிற்கும். அரிவாளால் சீவித் தரும் இளநீரைக் கையில் வாங்கும்போது, வந்திருப்பது அயல்நாடு என்ற எண்ணமே ஒரு கணம் மறைந்துபோகும்.

திடலின் மேற்குப் பக்கத்தில் ஏழு பழைய மாளிகைகள் வரிசையாக நிற்கின்றன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த அவற்றுள் குயின்ஸ் ராயல் கல்லூரியும் ஒன்று. 2001இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்ற வி.எஸ். நைபால் பயின்ற இடம் அது. ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் வழியில் பிறந்த ஒருவர் உலகின் மிக உயர்ந்த இலக்கியப் பரிசைப் பெற்றார் என்பதை வழிகாட்டிகள் சொல்லாமல் விடுவதில்லை.

அங்கிருந்து நகரின் மையத்துக்குச் சென்றால் ரெட் ஹவுஸ் எனப்படும் நாடாளுமன்றக் கட்டடம். 1903இல் குடிநீர் வரி தொடர்பாக எழுந்த கலவரத்தில் எரிந்துபோன கட்டடத்துக்குப் பதிலாக 1907இல் எழுப்பப்பட்டது. கிரிக்கெட் அன்பர்கள் குயின்ஸ் பார்க் ஓவல் மைதானத்தையும் பார்க்காமல் வரமாட்டார்கள். 1971இல் மேற்கிந்தியத் தீவுகள் அணியை இந்தியா முதன்முறையாக வென்றது அங்கேதான். சுனில் கவாஸ்கர் தம் முதல் டெஸ்டை ஆடியதும், நம் சென்னையைச் சேர்ந்த வெங்கட்ராகவன் துணைத்தலைவராக இருந்ததும் அந்த ஆட்டத்தில்தான்.

மதராஸ் தெருவும் மேலைக் காசியும்

நகரின் மேற்கே செயின்ட் ஜேம்ஸ் என்றொரு பகுதி. பெயரைக் கேட்டால் ஐரோப்பியக் குடியிருப்பு என்றே தோன்றும். ஆனால் தெருப் பலகைகளைப் படித்தால் மெய்சிலிர்க்கும். கல்கத்தா தெரு, டெல்லி தெரு, பம்பாய் தெரு, பனாரஸ் தெரு, கங்கைத் தெரு. அவற்றோடு மதராஸ் தெருவும் உண்டு. கரும்புத் தோட்டமாக இருந்த இந்த இடத்தில் குடியேறிய இந்தியர்களின் நினைவு அந்தப் பெயர்களில் தங்கியிருக்கிறது.

அங்குள்ள இந்துக் கோயிலின் பெயர் 'பஸ்சிம் காசி மந்திர்'. 'பஸ்சிம்' என்றால் மேற்கு. காசிக்குத் திரும்பிச் செல்ல வழியற்றவர்கள், தாம் இருக்கும் இடத்தையே மேலைக் காசியாக்கிக்கொண்டார்கள். தென்னாட்டில் தென்காசி எழுந்ததை அறிந்த நமக்கு அந்த உணர்வு புதியதன்று.

இவர்கள் வந்த கதை துயரமானது. அடிமை முறை ஒழிந்த பின் கரும்புத் தோட்டங்களில் வேலை செய்ய ஆள் இல்லாமல் போகவே, ஆங்கிலேயர் இந்தியாவிலிருந்து ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் ஆட்களைக் கொண்டுவந்தனர். 'ஃபத்தேல் ரசாக்' என்ற கப்பல் இருநூற்றுக்கும் மேற்பட்டோரை ஏற்றிக்கொண்டு கல்கத்தாவிலிருந்து புறப்பட்டு, மூன்று மாதங்களுக்கும் மேலாகக் கடலில் அலைந்து, 1845 மே 30 அன்று இத்தீவை வந்தடைந்தது. ஒப்பந்த முறை முடிவுக்கு வந்த 1917 வரை ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இவ்வாறு வந்தனர். பிற்காலத்தில் வந்தவர்கள் நகருக்கு அருகே கடலில் உள்ள நெல்சன் தீவில்தான் முதலில் இறக்கப்பட்டனர். மருத்துவச் சோதனை முடிந்த பிறகே தோட்டங்களுக்குப் பிரித்து அனுப்பப்பட்டனர்.

கடல் கடந்ததால் சாதியும் உறவும் அறுந்தன என்று எண்ணியவர்கள், ஒரே கப்பலில் வந்தவர்களை 'ஜஹாஜி பாய்', அதாவது கப்பல் சகோதரன் என்று அழைத்துப் புதிய உறவை உண்டாக்கிக்கொண்டனர். அவர்கள் கொண்டுவந்த மூட்டையில் பொன் இல்லை, பொருள் இல்லை. நெஞ்சில் ராமாயணம் இருந்தது. மாலை வேளைகளில் தோட்டத்து லயங்களில் விளக்கேற்றி, துளசிதாசரின் ராமசரிதமானஸத்தைப் பாடிப் பிள்ளைகளை வளர்த்தார்கள்.

ஆயினும் அயல்நாட்டுச் சட்டம் அவர்களுடைய சமயத்தை எளிதில் ஏற்கவில்லை. அக்கினி சாட்சியாகச் செய்துகொண்ட இந்துத் திருமணம் 1940களின் நடுப்பகுதி வரை அத்தீவில் சட்டப்படி செல்லுபடியாகவில்லை. தாலி கட்டிய மனைவி சட்டத்தின் கண்களில் மனைவி அல்லள். அவள் பெற்ற மக்களுக்குத் தந்தையின் சொத்தில் உரிமையும் தானாக வந்து சேரவில்லை. இத்தனை தலைமுறைகள் அந்த இழிவைப் பொறுத்துக்கொண்டும் அவர்கள் தம் நெறியைக் கைவிடவில்லை என்பதை நினைக்கும்போது நெஞ்சம் நெகிழ்கிறது.

கொடிகள் அசையும் முற்றங்கள்

தலைநகரை விட்டுத் தெற்கே கார் விரையும்போது சாலையின் இருபுறமும் காட்சி மாறுகிறது. வீட்டு முற்றங்களில் மூங்கில் கழிகளின் உச்சியில் சிவப்பும் மஞ்சளும் வெண்மையுமாகக் கொடிகள் பறக்கின்றன. இவற்றுக்கு 'ஜண்டி' என்று பெயர். வீட்டில் பூஜை நடந்தேறியதும், அந்தத் தெய்வத்துக்குரிய நிறத்தில் கொடி ஏற்றுவார்கள். சிவப்பு அனுமனுக்கு உரியது. வெயிலிலும் மழையிலும் நைந்து கிழிந்தாலும் அந்தக் கொடியை அவமதிப்பாக எறியமாட்டார்கள். எந்த வீட்டில் எந்தத் தெய்வம் எழுந்தருளினார் என்பதைச் சாலையில் செல்பவரும் அறிந்துகொள்ளலாம்.

வழியில் சகுவானாஸ் என்னும் ஊர். தீபாவளிக்கு முந்தைய நாள்களில் அங்கு 'தீபாவளி நகர்' என்ற பெயரில் பெருவிழா நடைபெறுகிறது. தீபாவளி 1966 முதல் அந்நாட்டின் பொது விடுமுறை நாள். இன, சமய வேறுபாடின்றி மக்கள் அன்று விளக்கேற்றுகிறார்கள். அருகில் உள்ள ஃபெலிசிட்டி என்ற சிற்றூரில் திறந்த வெளியில் ராம்லீலா நடைபெறும். செயின்ட் லூசியா தீவின் கவிஞர் டெரெக் வால்காட், 1992இல் நோபல் பரிசு ஏற்றபோது ஆற்றிய உரையில், இந்தச் சிற்றூரின் ராம்லீலாவைக் கண்டதைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்கினார். கரும்புக் கொல்லையில் ஆடிய ராமகதை ஸ்டாக்ஹோம் அரங்கு வரை சென்றது.

பசி எடுத்தால் சைவ உணவினருக்கும் கவலையில்லை. 'டபுள்ஸ்' என்பது அத்தீவின் காலை உணவு. மஞ்சள் சேர்த்துப் பொரித்த இரண்டு மெல்லிய ரொட்டிகளுக்கு நடுவே கொண்டைக்கடலைக் குழம்பு. காரம் எவ்வளவு வேண்டும் என்று கடைக்காரர் கேட்பார். நம் நாக்குக்கும் அங்குள்ள மிளகாய் சற்று அதிகம்தான். குறைவாகவே கேட்பது நல்லது.

அனுமனின் நிழலில்

காரபிச்சைமா என்னும் ஊரை நெருங்கும்போது மரங்களுக்கு மேலே ஓர் உருவம் எழுகிறது. கையில் கதையுடன் நிற்கும் ஆஞ்சநேயர். உயரம் 85 அடி. மைசூர் அவதூத தத்த பீடத்தைச் சேர்ந்த தத்தாத்ரேயர் ஆலய வளாகத்தில் 2003இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட திருவுருவம் இது. ஆலயம் தென்னிந்தியச் சிற்ப மரபைத் தழுவியது. தூண்களையும் யானைச் சிற்பங்களையும் வண்ணம் தீட்டிய கோபுரத்தையும் காணும் தமிழ் அன்பர்களுக்குத் தாய்வீட்டு வாசலில் நிற்கும் உணர்வு உண்டாகும்.

பக்தர்கள் அனுமன் சாலீஸா பாராயணம் செய்தபடி சுவாமியை வலம் வருகிறார்கள். கடலைத் தாண்டிச் சென்று சீதாபிராட்டியின் துயர் துடைத்தவர் அல்லவா அவர்? கடல் கடந்து வந்து துயருற்றோரின் சந்ததியினர் அவரைத் தம் காவலராகக் கொண்டதில் வியப்பில்லை.

அலைகளுக்கு நடுவே

அங்கிருந்து சில நிமிடங்களில் வாட்டர்லூ கடற்கரை. பாரியா வளைகுடாவின் அமைதியான நீர். கரையிலிருந்து கடலுக்குள் நீண்டு செல்லும் ஒரு பாதை. அதன் முடிவில் வெண்ணிறக் குவிமாடத்துடன் ஒரு சிறு கோயில். தொலைவிலிருந்து பார்த்தால் நீரின்மேல் மிதப்பதுபோல் தோன்றுகிறது.

இந்தியாவிலிருந்து சிறு வயதிலேயே பெற்றோருடன் வந்து, கரும்புத் தோட்டத்தில் உழைத்த சிவதாஸ் சாது என்பவரின் திருப்பணி இது. 1947இல் இதே கடற்கரையோரத்தில் அவர் ஒரு சிறு கோயிலைக் கட்டினார். அந்த நிலம் சர்க்கரை நிறுவனத்துக்குச் சொந்தமானது. கோயிலை அகற்றும்படி உத்தரவு வந்தது. தெய்வத்துக்கு எழுப்பிய இடத்தைத் தம் கையால் இடிக்க அவர் மறுத்தார். விளைவு, 1952இல் கோயில் தரைமட்டமாக்கப்பட்டது. அவருக்கு அபராதமும் சிறைத் தண்டனையும் விதிக்கப்பட்டன.

கோயில் கட்டியதற்காகச் சிறை சென்ற மனிதர், விடுதலையாகி வந்ததும் என்ன செய்தார்? யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை, சாபமிடவுமில்லை. நிலத்துக்குத்தான் உரிமையாளர் உண்டு, கடலுக்கு இல்லை என்று உணர்ந்தார். நீர் வற்றும் வேளையில் சேற்றில் இறங்கிக் கல்லும் மண்ணும் கொட்டத் தொடங்கினார். அவரிடம் இருந்தவை ஒரு மிதிவண்டியும் வாளிகளும் மட்டுமே. கடலுக்குள் சுமார் 500 அடி தூரம் பாதை அமைக்க வேண்டும்; அதன் முடிவில் மேடை எழுப்ப வேண்டும். தகர உருளைகளில் சிமென்ட் கலவையை நிரப்பி அடித்தளம் இட்டார்.

பகலில் கூலி வேலை. மற்ற நேரத்தில் திருப்பணி. கண்டவர்கள் பித்தன் என்று நகைத்தார்கள். ஒரு நாள் கொட்டியதை மறுநாள் அலை கொண்டுபோகும். அவர் மீண்டும் கொட்டுவார். ஆண்டுக்கணக்கில் இது நடந்தது. தம் வாழ்நாளின் எஞ்சிய காலத்தை எல்லாம் இந்தப் பணிக்கே அவர் தந்தார். கோயில் எழுந்தது; அவர் மறைந்தார்.

அதன் பின்னர் கடல் அரிப்பினால் கோயில் சிதைந்தது. இந்தியர் வருகையின் 150ஆம் ஆண்டான 1995இல், அரசின் துணையோடு அது புதுப்பித்துக் கட்டப்பட்டது. இன்று அடியார்கள் ஈரம் படாமல் நடந்து சென்று வழிபடுகிறார்கள். கரையில் கூப்பிய கரங்களுடன் சிவதாஸ் சாதுவின் சிலை நிற்கிறது. ஒரு காலத்தில் குற்றவாளியாக நின்ற மனிதரை இன்று அந்த நாடே வணங்குகிறது.

கோயிலுக்குப் பக்கத்திலேயே கடற்கரையில் தகன மேடைகள் உள்ளன. இந்து முறைப்படி எரியூட்டி, அஸ்தியை அங்கேயே கடலில் கரைக்கிறார்கள். கோயிலும் மயானமும் கடலும் ஒரே பார்வையில் தெரியும் அந்த இடத்தில் நிற்கும்போது, காசியின் படித்துறை நினைவுக்கு வராமல் போகாது.

பூசலாரின் வழியில்

இக்கதையைக் கேட்கும் நமக்குத் திருநின்றவூர்ப் பூசலார் நாயனார் நினைவுக்கு வருவார். கோயில் கட்டப் பொருள் தேடி எங்கும் கிடைக்காமல், மனத்துக்குள்ளேயே கல்லும் மரமும் சேர்த்து, நாள் பார்த்துக் குடமுழுக்குக்கு ஏற்பாடு செய்த அடியவர் அவர். காஞ்சியில் கற்றளி எழுப்பிய பல்லவ மன்னனின் கனவில் தோன்றிய இறைவன், பூசலார் கட்டிய ஆலயத்துக்கு முதலில் செல்வதாக அருளினார் என்று சேக்கிழார் பெருமான் பெரிய புராணத்தில் பாடியிருக்கிறார்.

பூசலாருக்குப் பொருள் இல்லை. சிவதாஸுக்கு நிலம் இல்லை. ஒருவர் உள்ளத்தில் கட்டினார். மற்றவர் வெள்ளத்தில் கட்டினார். இருவருக்கும் பொதுவாக இருந்தது, இல்லை என்ற சொல்லுக்குப் பணியாத அன்பு ஒன்றே.

தமிழ் மறந்தாலும் மாரியம்மன் மறக்கவில்லை

டிரினிடாடுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் வட இந்தியர்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்து சென்றவர்கள் சிறுபான்மையினரே. அவர்களை அங்கே 'மதராஸி' என்று அழைத்தனர். அவர்களின் வழித்தோன்றல்கள் இன்று தமிழ் பேசுவதில்லை. முத்து என்ற பெயர் 'மூட்டூ' ஆகவும், முனுசாமி 'மூன்சாமி' ஆகவும் குடும்பப் பெயர்களில் ஒளிந்திருக்கின்றன.

ஆனால் 'காளி மாய்' கோயில்களுக்குச் சென்றால் நாம் திகைத்து நிற்போம். அங்கே மாரியம்மன் இருக்கிறாள். மதுரை வீரன் இருக்கிறார். சங்கிலிக் கருப்பனும் முனீஸ்வரனும் சற்றே மாறிய பெயர்களில் இருக்கிறார்கள். வேப்பிலையும் மஞ்சள் நீரும் உண்டு. அடிக்கும் பறைக்கு இன்றும் 'தப்பு' என்றே பெயர். மொழி போயிற்று, ஊர் போயிற்று, அம்மன் போகவில்லை.

தீவின் தென்பகுதியில் உள்ள சிபாரியா என்ற ஊருக்கும் நேரமிருந்தால் செல்லலாம். அங்குள்ள கத்தோலிக்கத் தேவாலயத்தில் கருநிற மேனியுடைய மாதா திருவுருவம் ஒன்று உண்டு. தமக்கெனக் கோயில் இல்லாத காலத்தில் இந்துக்கள் அந்த அன்னையைத் தம் தாயாகவே கண்டு, 'சிபாரி மாய்' என்று பெயரிட்டு வணங்கினர். இன்றும் புனித வெள்ளியையொட்டி அரிசியும் எண்ணெயும் காணிக்கையாக ஏந்தி வருகிறார்கள். ஆண் குழந்தைகளுக்கு முதல் முடி இறக்குவதும் அங்கே நடைபெறுகிறது. கதவை மூடாத அந்தத் தேவாலயத்தின் பெருந்தன்மையும் போற்றத்தக்கது.

செல்வோர் கவனத்துக்கு

இந்தியாவிலிருந்து நேரடி விமானம் இல்லை. லண்டன், நியூயார்க், டொராண்டோ போன்ற நகரங்களின் வழியாகச் செல்லலாம். ஜனவரி முதல் மே வரை மழை குறைவு. வழிகாட்டியை அமர்த்தும்போதே, எந்தெந்தக் கோயில்களுக்குச் செல்ல வேண்டும், எவ்வளவு நேரம், கட்டணத்தில் என்னென்ன அடங்கும் என்பதை எழுத்தில் பெற்றுக்கொள்வது நலம். தலைநகரைக் காலையில் முடித்துக்கொண்டு நண்பகலுக்கு முன் தெற்கே புறப்பட்டால் போக்குவரத்து நெரிசலில் சிக்காமல் இருக்கலாம். கடற்கோயிலில் நிழல் குறைவு. தொப்பியும் குடிநீரும் அவசியம். தகனம் நடைபெறும் வேளையில் புகைப்படம் எடுக்காமல் இருப்பதே பண்பு.

திரும்பும் வழியில் மாலை நான்கு மணியளவில் கரோனி சதுப்பு நிலத்தில் படகில் செல்லலாம். அந்தி சாயும்போது செந்நிற அரிவாள்மூக்கன் பறவைகள் கூட்டம் கூட்டமாக வந்து சதுப்பு நில மரங்களில் அமரும். பச்சை மரம் செம்பூப் பூத்ததுபோல் ஆகிவிடும். அந்நாட்டின் தேசியப் பறவைகளுள் ஒன்று அது.

காலம் விந்தையானது. சர்க்கரைக்காகவே இந்தியர்களைக் கொண்டுவந்த அந்தத் தீவில், 2003இல் அரசின் சர்க்கரை நிறுவனம் மூடப்பட்டது. சில ஆண்டுகளில் அந்தத் தொழிலே நின்றுபோயிற்று. அதே 2003இல்தான் காரபிச்சைமாவில் அனுமன் எழுந்து நின்றார். கோயிலுக்கு இடமில்லை என்று சொன்ன கரும்புக் கொல்லைகள் இன்று இல்லை. வாளியில் மண் சுமந்து கட்டிய கோயில் இருக்கிறது. அதில் நாள்தோறும் விளக்கு எரிகிறது.

நம் ஊரில் நினைத்தபோது நடந்து சென்று வழிபடும் தொலைவில் எத்தனையோ ஆலயங்கள் உள்ளன. அவற்றுள் ஒருகால பூஜைக்கும் வழியின்றி நிற்பவையும் உண்டு. கடலில் கோயில் கட்டிய அந்த அடியவரை ஒரு கணம் எண்ணி, நம் தெருக்கோடிக் கோயிலுக்கு ஒரு கை எண்ணெயாவது கொண்டு செல்வோம். அதுவே அவருக்கு நாம் செய்யும் வணக்கம்.